உள்ளூர்ப் பனலா, இறக்குமதிப் பனலா? உப்புவெளிக் கூரை ஒன்றை வைத்து ஒரு விவாதம்

உப்புவெளி வாசகர், 4 மே 2025

திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, கடலிலிருந்து 300 மீற்றரில் வீடு. கொங்கிறீட் பிளாட் கூரை. 5 கிலோவாட் சோலர் போட இரண்டு விலை வந்திருக்கு. ஒன்று சீனப் பனல், 550 வாட், 10 பனல். மற்றது "இலங்கையிலேயே செய்தது", அதே வாட், அதே எண்ணிக்கை, விலை கொஞ்சம் கூட. உள்ளூரில் வாங்கினால் நாட்டுக்கும் நல்லது, உத்தரவாதமும் கைக்கெட்டும் என்கிறார் விற்பவர். எதை எடுக்கலாம்?

4 மே, இரவு (பெயர் இல்லாமல் திகதி மட்டும் உள்ளவை என் பதில்கள்)

"இலங்கையிலேயே செய்தது" என்று அவர் சொல்வது எந்த வேலையை என்று முதலில் கேளுங்கள்.

சிலிக்கன் உருக்குவது, அதை வேபர் என்ற மெல்லிய தகடாக அறுப்பது, அதிலிருந்து வெயிலை மின்சாரமாக்கும் செல் செய்வது எதுவும் இங்கே இல்லை. உலகத்தில் இந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் 80 வீதத்துக்கு மேல் சீனாவின் கையில். இங்கே செய்யக்கூடியது கடைசிக் கட்டம்: செல்களை ரிபன் கம்பியால் பற்றுவைத்துக் கோர்ப்பது, கண்ணாடி, ஈ.வி.ஏ. தாள் (சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்ரிக்), செல், மறுபடி ஈ.வி.ஏ., பின்தாள் என்று அடுக்குவது, லமினேட்டரில் காற்றை உறிஞ்சி 140 முதல் 150 பாகைச் சூட்டில் ஒட்டுவது, அலுமினியச் சட்டம் பூட்டுவது, பின்னால் வயர் வெளிவரும் ஜங்ஷன் பெட்டி ஒட்டுவது, பிளாஷ் வெளிச்சத்தில் எத்தனை வாட் என்று அளந்து லேபல் அடிப்பது.

ஆக இரண்டு விலைக்கும் உள்ளே கிடக்கிற செல் ஒரே ஊரில் பிறந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வித்தியாசம் ஒட்டின கையிலும் பின்தாளிலும் சட்டத்திலும். கடற்கரையில் அது பெரிய வித்தியாசம். இந்தப் பக்கத்தில் பனல் கெடுவது பெரும்பாலும் ஓரத்தாலும் பின்னாலும்தான். ஈரம் உள்ளே போகும், ஈ.வி.ஏ. அசெற்றிக் அமிலம் விடும், ரிபன் கறுக்கும். அல்லது சட்டத்தின் மூலை வெள்ளை பூத்து ஊதி வாய் திறக்கும்.

5 மே

உள்ளூரில் வாங்குவதால் வரக்கூடிய நன்மை மூன்று. மூன்றும் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்று, பார்த்து எடுக்கலாம். தொழிற்சாலைக்குப் போய் உங்கள் 10 பனலின் இலக்கத்துக்கும் பிளாஷ் அளவீடு, ஈ.எல். படம் இரண்டையும் கேட்கலாம். ஈ.எல். என்பது பனலுக்குள் மின் செலுத்தி இருட்டில் எடுக்கும் படம். கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்பு அதில் கறுப்புக் கோடாக விழும். கொள்கலனில் வரும் பனலுக்கும் இந்தப் படம் எடுத்திருப்பார்கள், ஆனால் கப்பலும் லொறியும் ஏறும் முன் எடுத்தது. 10 பனல் வாங்குபவருக்கு யாரும் அனுப்பிக் காட்டுவதில்லை.

இரண்டு, பிழைத்தால் யாரிடம் போவது என்பது தெரியும். இதைத் தனியாக எழுதுகிறேன், நீளும்.

மூன்று, சட்டம், பின்தாள், ஜங்ஷன் பெட்டி வயரின் நீளம் போன்றவற்றைச் சொல்லிச் செய்விக்கலாம். 10 பனலுக்கு ஒரு கொம்பனி லைனை நிற்பாட்டி மாற்றித் தராதுதான். பாடசாலை, ஹோட்டல், ஆலை என்று சில நூறு பனல் எடுக்கிறவர் கேட்கலாம்.

5 மே, பிறகு

மேலே மூன்றாவதை வீட்டுக்காரர் மறந்துவிடலாம். முதலிரண்டும் போதும். முதலாவதை விற்பவர் தர மறுத்தால், கூடுதல் விலைக்கு நியாயம் பாதி போச்சு.

கிண்ணியா வாசகர், 7 மே

திருகோணமலைச் சீனன்குடாவில் வாங்கினால் அது சீனப் பனலா, உள்ளூர்ப் பனலா?

7 மே

வரி கட்டின பற்றுச்சீட்டைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

9 மே

சான்றிதழ் பற்றி. விற்பவர் எல்லாரும் ஐ.இ.சி. 61215, ஐ.இ.சி. 61730 என்று தாள் நீட்டுவார்கள். முதலாவது பனல் நீடித்து உழைக்குமா என்பதற்கு, இரண்டாவது பாதுகாப்புக்கு. கடற்கரைக்கு ஐ.இ.சி. 61701 உப்புமூட்டச் சோதனையும் வேண்டும். அதில் கடுமை நிலை என்ன என்று பாருங்கள், 6 என்றால் நல்லது. "61701 பாஸ்" என்று மட்டும் இருந்தால் எந்த நிலை என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம், சான்றிதழில் எந்தத் தொழிற்சாலையின் முகவரி இருக்கிறது என்பது. சான்றிதழ் கொடுப்பது பிராண்டுக்கு மட்டும் இல்லை, உற்பத்தி செய்யும் இடத்துக்கும் சேர்த்துத்தான். சீனத் தொழிற்சாலைக்கு எடுத்த தாளைக் காட்டி இங்கே ஒட்டின பனலை விற்றால் அந்தத் தாள் இந்தப் பனலுக்குச் செல்லாது. செல் அதே, வடிவம் அதே என்று வாதாடுவார்கள். லமினேட்டரும் ஈ.வி.ஏ.யும் ஒட்டினவரும் வேறே.

இன்னொரு படி உண்டு. சான்றிதழோடு ஒரு பொருள் பட்டியல் இருக்கும்: எந்தக் கண்ணாடி, எந்த ஈ.வி.ஏ., எந்தப் பின்தாள், எந்த ஜங்ஷன் பெட்டி, பெயரும் மாதிரி இலக்கமும். இவற்றில் ஒன்றை மாற்றினால் எந்தெந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும் என்று ஐ.இ.சி. 62915 சொல்கிறது. சின்ன லைன்கள் தட்டுப்பாடு வந்தால் முதலில் மாற்றுவது பின்தாளைத்தான். பட்டியலில் இருக்கும் பெயர் உங்கள் பனலின் பின்தாளோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். தொழிற்சாலைக்காரருக்கு விஷயம் தெரியுமா என்று அந்தக் கேள்வியிலேயே பிடிபடும்.

நேரே போகிறவர்கள் ஈ.வி.ஏ. ஜெல் அளவு பரிசோதனை எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒட்டின தாளில் ஒரு துண்டு வெட்டிக் கரைப்பானில் போட்டு, கரையாமல் மிஞ்சுவது எத்தனை வீதம் என்று பார்ப்பது. 75 வீதத்துக்குக் குறைந்தால் ஒட்டு வேகவில்லை. சில வருடத்தில் தாள் பிரிந்து குமிழ் விடும். "எங்களிடம் அந்தச் சோதனை இல்லை" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு இறக்குமதிப் பனலுக்கே போகலாம்.

நிலாவெளி வாசகர், 10 மே

இதெல்லாம் பார்க்கிற இஞ்சினியர் கொழும்பிலயே கிடையாது அண்ணை. சீனப் பனல் டயர் 1. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

10 மே

டயர் 1 என்பது புளூம்பேர்க் நிறுவனம் வைத்திருக்கும் பட்டியல். வங்கிகள் அந்தக் கொம்பனியின் பனலை நம்பிப் பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுத்தனவா என்பதுதான் அளவுகோல். பனலின் தரத்துக்கு அது சான்று இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கொம்பனி நாளைக்கும் இருக்கும் என்பதற்கு ஓரளவு அடையாளம், அவ்வளவே.

அதோடு, டயர் 1 கொம்பனியும் இரண்டாம் தரச் சரக்கைத் தனியாகத் தள்ளிவிடும். அது கைமாறி முதல் தர லேபலோடு கடைக்கு வரும். பார்க்க ஒரு வழி: பனலின் இலக்கம் கண்ணாடிக்குள்ளே, செல்லுக்குப் பக்கத்தில் பார்கோடாக ஒட்டப்பட்டிருக்கும். பின்னால் இருக்கும் லேபலிலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். கண்ணாடிக்குள் இருப்பதை மாற்ற முடியாது, பின் லேபலை மாற்றலாம். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, கொம்பனியின் தளத்தில் இலக்கத்தை அடித்துப் பாருங்கள். உள்ளூர்ப் பனலுக்கும் இதே பரிசோதனைதான்.

மூதூர் வாசகர், 13 மே

சம்பூரில் வரப்போகிற சோலருக்கு உள்ளூர்ப் பனல் எடுக்கச் சொன்னால் இங்கே ஒரு தொழிற்சாலையே வருமே?

13 மே

சம்பூர்த் திட்டம் இலங்கை மின்சார சபையும் இந்திய அரச மின் கொம்பனியான என்.டி.பி.சி.யும் கூட்டாகச் செய்வது. முதலில் நிலக்கரி என்று தொடங்கி, 2016இல் கைவிட்டு, பிறகு 120 மெகாவாட் சோலர் என்று மாறியது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கி வைத்தார்கள். 580 வாட் பனலாகக் கணக்குப் பார்த்தால் 2 இலட்சத்துக்கு மேல் வேண்டும், அதுவும் சில மாதங்களுக்குள். ஒரேயடியாக அவ்வளவு எடுக்கிற இடத்தில் முதலீட்டாளரும் கடன் கொடுக்கிறவரும் மேலே சொன்ன டயர் 1 பட்டியலைத்தான் பார்ப்பார்கள். முடிந்த பிறகு அந்த லைனுக்கு என்ன வேலை என்பதும் கேள்வி. பிரதேச சபைக் கட்டடம், பாடசாலை, ஐஸ் ஆலை, மீன் குளிரறை என்று தொடர்ந்து வரும் சின்ன ஓடர்தான் சின்னத் தொழிற்சாலையை உயிரோடு வைத்திருக்கும்.

17 மே

இரண்டாவது நன்மை, உத்தரவாதம்.

பனலுக்கு இரண்டு உத்தரவாதம் உண்டு. ஒன்று பொருளுக்கு: பொதுவாக 12 வருடம், சிலது 10, சிலது 15. மற்றது உற்பத்திக்கு: 25 வருடம், இரட்டைக் கண்ணாடி என்றால் 30. விளம்பரத்தில் பெரிதாக அடிப்பது இரண்டாவதை. ஆபத்துக்கு உதவுவது முதலாவது.

உற்பத்தி உத்தரவாதத்தின் கணக்கு இப்படி: பேர்க் என்ற செல் வகைப் பனலில் முதல் வருடம் 2 வீதம், பிறகு வருடத்துக்கு 0.55 வீதம் குறையலாம். 25 வருட முடிவில் 84.8 வீதம். 8ஆம் வருடம் உங்கள் பனல் அதைவிட 3 வீதம் கீழே போனது என்று நிரூபிக்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் பிளாஷ் அடித்துப் பார்க்க வேண்டும். கூரையில் நின்று கிளாம்ப் மீற்றரால் 3 வீதத்தைப் பிடிக்க முடியாது, வெயிலே அதைவிட ஆடும். கழற்றுவது, ஏற்றி அனுப்புவது, அளப்பது எல்லாம் பெரும்பாலும் உங்கள் செலவு. சீனக் கொம்பனி என்றால் இங்குள்ள முகவர் ஊடாக. முகவர் மாறியிருந்தால் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கலாம். உள்ளூர்த் தொழிற்சாலையில் பிளாஷ் இயந்திரம் இருக்கிறது. லொறியில் போட்டு அனுப்பினால் அன்றைக்கே அளக்கலாம். உள்ளூருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பதற்கு என்னிடம் உள்ள மிகப் பலமான வாதம் இதுதான்.

பலவீனமும் அங்கேயே. ஆறு வருடத்துக் கொம்பனி இருபத்தைந்து வருட வாக்குக் கொடுக்கிறது. பதிவு எந்த வருடம், மறுகாப்புறுதி (கொம்பனி மூடினாலும் உத்தரவாதத்தைப் பொறுப்பேற்கும் காப்புறுதி) வைத்திருக்கிறார்களா, "மாற்றித் தருவோம்" என்ற வசனத்தில் கழற்றிப் பூட்டும் கூலி சேருமா என்று கேளுங்கள்.

18 மே

அதோடு ஒட்டிய ஒரு சில்லறை விஷயம், ஆனால் காசு போகும் விஷயம். ஒரு பனல் உடைந்தால் 7 வருடம் கழித்து அதே மாதிரி கிடைக்காது, யார் செய்ததாக இருந்தாலும். முந்தி ஓடின 330 வாட் பனல் 1956க்கு 992 மில்லிமீற்றர், மின்னோட்டம் 9 அம்பியருக்குக் கீழே. இப்போதைய 550 வாட் 2278க்கு 1134, மின்னோட்டம் 13 அம்பியர். புதியதைப் பழைய வரிசையில் தொடராகப் போட்டால் முழு வரிசையும் பழைய 9க்குள்தான் ஓடும், புதியதின் மூன்றிலொரு பங்கு வீண். பனலைத் தாங்கும் அலுமினிய ரெயிலிலும் ஒழுங்காக உட்காராது. முதல் நாளே ஒரு பனல் கூடுதலாக வாங்கி, நிறுத்தின வாக்கில், வெயில் படாத அறையில் வையுங்கள். கிடையாகப் படுக்கப் போட்டு மேலே அரிசிமூட்டை வைக்க வேண்டாம்.

உப்புவெளி வாசகர், 24 மே

பனலை விடுங்கோ. கூரையில் பூட்டுகிறவர் நாலு பக்கமும் கொங்கிறீட் கட்டை வைத்து அதற்கு மேலே ஸ்டாண்டை இருத்தினால் போதும், ஓட்டை போடத் தேவையில்லை என்கிறார்.

25 மே

போதாது. கணக்கோடு சொல்கிறேன்.

திருகோணமலை 8.5 பாகை வட அகலக்கோட்டில். பனல் தெற்குப் பார்த்து 10 பாகை சரிவில் வைப்பது வழக்கம். அதற்குக் குறைந்தால் மழைநீரில் தூசு வழியாது. 2278 மில்லிமீற்றர் நீளப் பனலை 10 பாகைக்குத் தூக்கினால் வடக்கு விளிம்பு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் மேலே வாய் திறந்து நிற்கும். வாடைக்காற்று வருவது வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமிருந்து, உப்போடு. நேரே அந்த வாய்க்குள் புகுந்து பனலைக் கீழிருந்து தூக்கும்.

காற்றின் அழுத்தம் = 0.613 × வேகத்தின் வர்க்கம், வேகம் செக்கனுக்கு மீற்றரில், விடை பாஸ்கலில். மணிக்கு 90 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 25 மீற்றர், 383 பாஸ்கல். பனலின் பரப்பு 2.58 சதுர மீற்றர். தூக்கும் குணகம் 1 என்று, அதாவது அந்த அழுத்தம் முழுதும் பனலைத் தூக்குகிறது என்று வைத்தால் ஒரு பனலுக்கு ஏறத்தாழ 100 கிலோ. மணிக்கு 144 கிலோமீற்றர் என்றால் 258 கிலோ. பனலின் எடை 28 கிலோ. மிச்சம் 230 கிலோவைக் கட்டையின் பாரத்தால் பிடிக்க நினைத்தால், ஒரு பனலுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் 46 சென்ரிமீற்றர் கொண்ட கொங்கிறீட் கட்டை ஒன்று வேண்டும். பத்துப் பனலுக்கு 2.3 தொன். அதைக் கூரை தாங்குமா என்பது வேறு பிரச்சினை.

2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே, திரியாய், குச்சவெளிப் பக்கம். 1964 டிசெம்பரில் வந்தது அதைவிடப் பல மடங்கு கடுமை. 25 வருடத்துக்குப் போடும் சாமானுக்கு மணிக்கு 144 கிலோமீற்றர்க் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

செய்முறை: ஐந்து பனலாக இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையும் 5.75 மீற்றர். வரிசைக்கு இரண்டு ரெயில், ரெயிலுக்கு ஐந்து கால், இடைவெளி 1.3 மீற்றருக்குள். பலமான காற்றுக்கு ஒரு காலில் விழும் இழுவை ஏறத்தாழ 115 கிலோ. எம்.10 இரசாயன அங்கர் (துளையில் பசை விட்டு ஊன்றும் 10 மில்லிமீற்றர் போல்ட்) அதைச் சுலபமாகத் தாங்கும். ஒழுக்குப் பயம் என்றால் பிளாட்டைச் சுரண்டி, கம்பி ஊன்றி, 15 சென்ரிமீற்றர் உயரக் கொங்கிறீட் பீடம் ஊற்றி, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூசி, காலை அந்தப் பீடத்தில் பூட்டுங்கள். துளை பீடத்தோடு நிற்கும், பிளாட்டுக்குள் இறங்காது. வரிசைக்கு நடுவே 70 சென்ரிமீற்றர் விட்டால் நிழலும் விழாது, கழுவவும் ஆள் போகலாம்.

கூரை விளிம்பிலிருந்து ஒரு மீற்றராவது உள்ளே வையுங்கள். விளிம்பில் காற்று சுழன்று தூக்கும், மேலே வைத்த குணகம் 1 அங்கே பொருந்தாது.

கிண்ணியா வாசகர், 25 மே

அஸ்பெஸ்டஸ் சீட் கூரைக்கு?

26 மே

ஹேங்கர் போல்ட், அதாவது கீழ்முனை மரத்தில் திருகி இறங்கி, மேல்முனை ரெயிலைப் பிடிக்கும் போல்ட். சீட்டின் மேட்டில் மட்டும் துளை, பள்ளத்தில் ஒருபோதும் இல்லை. துளை போல்ட்டைவிட 2 மில்லிமீற்றர் பெரிசு, ஈ.பி.டி.எம். ரப்பர் வளையத்தோடு. போல்ட் கைமரத்தில் இறங்க வேண்டும், ரீப்பையில் இறக்கினால் முதல் வாடையிலேயே கழன்று வரும். தண்ணீர் தெளித்துக்கொண்டே துளையுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. பலகை போட்டு நடங்கள். பழைய சீட் என்றால் முதலில் கூரையை மாற்றிவிட்டுப் பனல் போடுவது மலிவு.

1 ஜூன்

உள்ளூர்ச் சாமான் என்று பேசினால் பனலைவிடப் பெரிய இலாபம் இங்கேதான்: ரெயில், பனலை ரெயிலோடு பிடிக்கும் கிளாம்ப், நட்டு, போல்ட், வயர். அலுமினியத்தை அச்சில் தள்ளி ரெயிலாக எடுக்கும் வேலையை இலங்கையில் நன்றாகவே செய்கிறார்கள். வயர் செய்யும் ஏ.சி.எல்., களனி போன்ற பெரிய கொம்பனிகளும் உண்டு. சொன்ன அளவுக்கு வெட்டித் தருவார்கள், அனோடைஸ் பூச்சு (அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கும் படலம்) எத்தனை மைக்ரோன் என்று எழுதித் தருவார்கள். கடற்கரைக்கு 20 மைக்ரோனுக்குக் குறையாமல் கேளுங்கள்.

இறக்குமதிப் பெட்டியோடு வரும் இலவச கிளாம்ப், போல்ட்டைப் பார்த்து எடுங்கள். மினுங்குகிறதெல்லாம் ஸ்டெயின்லஸ் இல்லை. நாகம் பூசின இரும்பு போல்ட் நிலாவெளிப் பக்கத்தில் இரண்டாம் வாடைக்குள் துருவேறும். காந்தம் வைத்துப் பாருங்கள்: இறுக்கி ஒட்டினால் இரும்பு, லேசாகத் தயங்கினால் 304 வகை ஸ்டெயின்லஸாக இருக்கலாம். கடலுக்கு 500 மீற்றருக்குள் உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 வகைதான் வாங்க வேண்டும். பனல் கொம்பனிகளில் சில தங்கள் கையேட்டில் இந்தத் தூரத்துக்கு விசேட நிபந்தனை போட்டிருக்கின்றன. மீறினால் உத்தரவாதம் இல்லை. விற்பவரிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கிளாம்பை 16 முதல் 20 நியூட்டன் மீற்றருக்கு டோர்க் ஸ்பானரால் இறுக்க வேண்டும். கை மதிப்புக்கு இறுக்கினால் ஒன்றில் கண்ணாடி விடும், இல்லாவிட்டால் காற்றில் தளரும். கிளாம்ப் உட்காரும் இடம் பொதுவாகப் பனலின் நீளப் பக்கத்தில், முனையிலிருந்து நாலில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை. எல்லாப் பனலுக்கும் ஒரே இடம் என்று நினைத்துப் பூட்டுகிறார்கள். பின்பக்கம் 2400 பாஸ்கல் தாங்கும் என்று லேபலில் இருப்பது அந்த இடத்தில் பிடித்தால்தான். அதுவும் சோதனைப் பாரம். 1.5ஆல் வகுத்து 1600 என்று எடுங்கள்.

எர்த் செம்பு வயரை நேரே அலுமினியச் சட்டத்தில் முறுக்கினால் உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்னும். வெள்ளீயம் பூசின லக் (வயர் முனையில் நெரிக்கும் வளையம்), ஸ்டெயின்லஸ் வொஷர், அனோடைஸ் பூச்சைக் குத்தித் துளைக்கும் வொஷர், இந்த மூன்றும் வேண்டும். உப்புவெளி மணல் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காய்ந்து எர்த் தடை ஏறும். மழைக்கு அளந்து 10 ஓமுக்குள் என்று எழுதிக்கொடுத்தால் ஏற்க வேண்டாம், ஆகஸ்டில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

3 ஜூன்

பனல் வயர்களை ஒன்றோடொன்று கோர்க்கும் எம்.சி.4 இணைப்பி பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். கூரையில் தீப்பிடிப்பதற்கு முக்கிய காரணங்களில் இது ஒன்று. பனலோடு வரும் தலை ஒரு கொம்பனி, வயரில் அடிக்கும் தலை வேறு கொம்பனி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும், ஆனால் உள்ளே தொடுகை சரியாக இராது. சூடேறும், உருகும். உள்ளூர்ப் பனல் எடுப்பதென்றால் அவர்கள் எந்த இணைப்பி போடுகிறார்கள் என்று கேட்டு, அதே கொம்பனியின் தலையில் எட்டு ஜோடி கூடுதலாக வாங்கிவிடுங்கள். குறட்டால் நெரிக்க வேண்டாம், அதற்கென்று கிரிம்பிங் கருவி இருக்கிறது.

நிலாவெளி வாசகர், 8 ஜூன்

2022 மாதிரி டொலர் இல்லாமல் போனால் உள்ளூர்த் தொழிற்சாலைதானே காப்பாற்றும்?

8 ஜூன்

பாதி உண்மை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. இறக்குமதிக்கு வங்கியில் கடன் கடிதம் (எல்.சி.) திறக்க முடியாமல் பனலும் நின்றது, செல்லும் நின்றிருக்கும். ஒரு பனலின் செலவில் பெரிய பங்கு செல். டொலர் ஏறினால் உள்ளூர்ப் பனலும் ஏறும். நாட்டில் மிஞ்சுவது கூலி, சட்டம், போக்குவரத்து, இலாபம். அது சும்மா இல்லை, ஆனால் "இறக்குமதியே இல்லை" என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். உண்மையில் உதவுவது, கூரையில் ஏற்கெனவே இருக்கும் பனலுக்கு ஜங்ஷன் பெட்டி, டயோட் மாற்றித் தர நாட்டுக்குள் ஆள் இருப்பது. ஒரு பனலில் மூன்று பைபாஸ் டயோட், ஒரு பகுதி நிழலில் நின்றால் மின்னோட்டத்தை அதைச் சுற்றி விடுவதற்கு. ஒன்று எரிந்தால் மூன்றிலொரு பங்கு உற்பத்தி போகும். பெட்டியில் பசை ஊற்றி அடைக்காமல் இருந்தால் சில நூறு ரூபா டயோட்டால் சரிவரும். அடைத்திருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும்.

உப்புவெளி வாசகர், 15 ஜூன்

மின்சார சபைக்காரர் வந்து பார்த்தார். நாங்கள் லைனின் கடைசி. மத்தியானத்தில் வோல்டேஜ் ஏறி இன்வேட்டர் (பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) விழுந்து எழும்பும், அதாவது நின்று நின்று ஓடும் என்கிறார். பனல் மாற்றினால் தீருமா?

15 ஜூன்

பனலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் இன்வேட்டர் லைனுக்குள் தள்ளும்போது தன் வயரிலேயே வோல்டேஜைத் தூக்கும். 5 கிலோவாட் என்றால் 230 வோல்டில் 21.7 அம்பியர். இன்வேட்டருக்கும் மீற்றருக்கும் 30 மீற்றர், 4 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் 5.6 வோல்ட் கூடும். 10 சதுர மில்லிமீற்றர் போட்டால் 2.2 வோல்ட். அந்த மூன்றரை வோல்ட் சில வீடுகளில் விழுவதற்கும் ஓடுவதற்கும் நடுவே உள்ள வித்தியாசம். இன்வேட்டரை மீற்றருக்குக் கிட்ட வைத்து, பனலிலிருந்து வரும் டி.சி. பக்கத்து வயரை நீட்டுங்கள். அங்கே 400 வோல்ட் அளவில் ஓடுவதால் இழப்பு மிகக் குறைவு. அப்படியும் விழுந்தால் டிரான்ஸ்போமரின் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் நிலை) மாற்றச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டியதுதான்.

மூதூர் வாசகர், 15 ஜூன்

கரண்ட் போனாலும் சோலர் ஓடுமா? பெப்ரவரியில் நாடு முழுக்கப் போனதே.

16 ஜூன்

சாதாரண இன்வேட்டர் ஓடாது. லைனில் கரண்ட் இல்லாதபோது தள்ளினால் கம்பத்தில் வேலை செய்கிறவர் சாவார், அதனால் தானே நிற்கும்படி செய்திருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததால் கரண்ட் போனது என்று சிரித்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை பகல், தேவை குறைவு, சோலர் அதிகம். ஒரு தட்டுக்குத் தாக்குப்பிடிக்கிற பாரமான சுழலும் இயந்திரம் லைனில் குறைவாக இருந்ததுதான் முழு நாடும் விழக் காரணம். 2025 சித்திரை விடுமுறைக்குக் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டதும் அதே பயத்தால். கரண்ட் போனாலும் ஓடப் பெட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் வேண்டுமென்றால் இப்போதே அதற்கு ஏற்றதாக வாங்குங்கள். பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு.

22 ஜூன்

இந்தியப் பனல் "உள்ளூர்" கணக்கில் வருமா என்று தனிமடலில் ஒருவர். உத்தரவாதம் கேட்க அங்கேயும் கடல் தாண்ட வேண்டும், அந்தக் கணக்கில் அது இறக்குமதிதான். ஆனால் இந்திய அரசு அங்கீகரித்த பனல் பட்டியல் ஒன்று வெளியே கிடைக்கிறது. மாதிரி இலக்கம் அதில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். அந்த அளவில் வசதி.

உப்புவெளி வாசகர், 29 ஜூன்

உள்ளூர்க்காரர் பிளாஷ் அளவீடும் ஈ.எல். படமும் தருகிறாராம். சான்றிதழில் அவர்கள் முகவரியே இருக்கிறது. ஆனால் உப்புமூட்டச் சோதனை இல்லை, "எடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறார்.

29 ஜூன்

உங்கள் 300 மீற்றருக்கு அது இல்லாமல் எடுக்க வேண்டாம். கடலை விட்டுத் தள்ளிக் கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ இருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பேன். தாள் வரும்வரை காத்திருக்க மனமிருந்தால் காத்திருங்கள், கச்சான் முடிவதற்குள் கூரை வேலையைத் தொடங்கலாம். பீடம் ஊற்றுவதும் எர்த் போடுவதும் எந்தப் பனலுக்கும் ஒன்றுதான். ரெயிலின் நீளத்தை மட்டும் பனல் முடிவான பிறகு வெட்டுங்கள்.

சீனப் பனலுக்கே போனால் இரட்டைக் கண்ணாடி வகையைக் கேளுங்கள். பின்தாள் என்ற பலவீனம் அதில் இல்லை. எடை 32 கிலோவரை வரும், தூக்க இரண்டு பேர். கண்ணாடி 2 மில்லிமீற்றர்தான், மூலையை நிலத்தில் இடித்தால் அந்த இடத்திலேயே சிதறும்.

6 ஜூலை

எந்தப் பக்கம் போனாலும் காசு கொடுக்கும் முன் பில்லில் எழுதுவிக்க வேண்டியது: பத்துப் பனலின் இலக்கம், மாதிரி இலக்கம், பொருள் உத்தரவாத வருடம், கழற்றிப் பூட்டும் கூலி யாருடையது, ரெயிலின் மைக்ரோன், போல்ட்டின் வகை. "550 வாட் பனல் 10" என்று மட்டும் எழுதின பில்லைக் கொண்டு எந்த உத்தரவாதமும் கேட்க முடியாது.

கொழும்பிலிருந்து ஹபரணை வழியாக 260 கிலோமீற்றர் அளவில் ஓட்டம். பனல் நிறுத்தின வாக்கில், பட்டி கட்டி வர வேண்டும். படுக்கப் போட்டு ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி வந்தால் இறக்கவே விட வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். இறக்கும்போது ஒவ்வொன்றின் திறந்த சுற்று வோல்டேஜையும் (எதிலும் இணைக்காமல் அளப்பது) மல்ட்டிமீற்றரால் பாருங்கள். லேபலில் 49.5 என்றால் வெயிலில் சூடேறின பனல் 44, 45 காட்டும். பத்தும் ஒன்றுக்கொன்று ஒரு வோல்டுக்குள் இருந்தால் சரி. ஒன்று மட்டும் மூன்றிலொரு பங்கு குறைந்து 30 காட்டினால் டயோட் போயிருக்கிறது. லொறிக்காரர் போகும் முன் அந்த இலக்கத்தைப் பில்லின் பின்னால் எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.